அமரர் சின்னையா உபயம்

இலவசமாகக் கொடுத்தவனைத் தேடி வக்கீல் நோட்டீஸ் வரும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் திருச்செல்வம் நம்பியிருக்க மாட்டான். பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஐம்பதை எட்டப்போகும் வயது. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத மனுஷன். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுப்பான். கொடுத்ததை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவும் செய்வான். அதில் என்ன தப்பு என்கிறீர்களா? பொறுங்கள், அந்த இடத்துக்குத்தான் வருகிறேன்.

அவன் கொடுத்துக்கொண்டிருந்தது பூவை. கம்ப்யூட்டரில் இருக்கும் தமிழை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள். கண் தெரியாதவர்கள் கடிதமும் செய்தியும் அதை வைத்துத்தான் கேட்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் அவர்களுக்குப் பஞ்சமா? அவர்களுடைய சங்கம் அங்கே, மசாஜ் நிலையங்கள் அங்கே, தடியால் தடவிப் போக நடைபாதையில் மஞ்சள் கல் பதித்திருப்பதும் அங்கே. அந்த மஞ்சள் கல்லின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தோசை தின்னப் போகும் புண்ணியவான்களும் அங்கேதான். பூவை ஓர் இளம்பெண்ணின் குரலில் பேசும். வங்கிக் கடிதமோ வாட்ஸ்அப்பில் வந்த சண்டையோ, எதைக் கொடுத்தாலும் சலிக்காமல் வாசிக்கும்.

அதைச் செய்தவர் கிள்ளானில் இருந்த கந்தப்பு என்ற பெரியவர். மூன்று பதிப்புகள் வரைக்கும் ஊருக்குச் சும்மா கொடுத்தார். பிறகு உடம்புக்கு முடியாமல் போய், ஷா ஆலமில் இருந்த ஒரு கம்பெனிக்குப் பூவையை எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி நாலாவது பதிப்பைக் கொண்டுவந்தது. அதற்கு மாதச் சந்தா. இணையம் இல்லாவிட்டால் வாயைத் திறக்காது. வாசிக்கச் சொல்வதையெல்லாம் முதலில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுத்தான் வாசிக்கும். குரலும் மாறிவிட்டது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி ஒரு குரல்.

மூன்றாம் பதிப்பு கிடைத்துக்கொண்டிருந்த பழைய இணையப் பக்கத்தைக் கம்பெனி சத்தமில்லாமல் மூடியது. ஏற்கெனவே எடுத்தவர்களிடம் இருந்ததும் தானாக நாலாவதாக மாறிவிட்டது. ஆனால் திருச்செல்வத்திடம் ஒரு பிரதி இருந்தது. அதைத் தன் கடையின் பக்கத்தில் ஏற்றினான். பெண்டிரைவில் போட்டுக் கையிலும் கொடுத்தான். செராஸிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் ஆட்கள் தடியைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவரிடம்கூட ஒரு காசு வாங்கவில்லை. அது சத்தியம்.

நோட்டீஸ் ஈமெயிலில் வந்தது, நல்ல கனத்த ஆங்கிலத்தில். வெள்ளிக்கிழமைக்குள் பக்கத்தை மூட வேண்டும், கொடுத்த பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும், செய்தது திருட்டு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் கோர்ட். முதல் பத்தியைப் படித்ததுமே அவனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோபம் வந்தவன் மிச்சத்தைப் படிப்பானா? மூன்றாம் பத்தியில், பூவை தொடங்கும்போது பேசும் அறிவிப்பை நீக்கியது பற்றி ஒரு வரி இருந்தது. வக்கீல்கள் மூட்டை நிரம்புவதற்காகத் திணிக்கும் வைக்கோல் அது என்று தாண்டிப் போனான்.

பக்கிரிசாமியிடம் போய்த்தான் கொட்டித் தீர்த்தான். பக்கிரிசாமி இரண்டு கடை தள்ளி மசாஜ் நிலையத்தில் வேலை செய்பவன், பிறவியிலேயே பார்வை இல்லாதவன், திருச்செல்வத்தின் பழைய கூட்டாளி. பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடை வடை எப்போது எண்ணெயிலிருந்து வெளியே வருகிறது என்று மூக்கை வைத்தே சொல்வான். அவன் மனைவி ஜொகூரில் வேலையாக இருந்தாள். அவள் அனுப்பும் செய்திகளை அவனுக்கு வாசித்துக் காட்டுவது பூவைதான்.

"பெரியவரு வித்தது நாலாவதை. சும்மா குடுத்தது மூணாவதை. குடுத்ததுல இவனுங்களுக்கு என்னா சொந்தம்?" என்றான் திருச்செல்வம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுலா. பூவை போச்சுன்னா எம் பொண்டாட்டி பேசுறத மொதல்ல கம்பெனிக்காரன் கேப்பான், அப்புறந்தான் நான் கேப்பேன். அதுக்கு நான் செவிடாவும் ஆயிட்டுப் போறேன்" என்றான் பக்கிரிசாமி.

திருச்செல்வம் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைக்கு மடிக்கணினி கொண்டுவரும் ஒரு வக்கீலும் அதையேதான் சொன்னார். இலவசமாகக் கொடுத்த அனுமதியைப் பிறகு வாங்கியவன் வந்து பிடுங்க முடியாது, பழைய பதிப்பு பழைய அனுமதியோடேயே இருக்கும், ஆனால் கொடுத்தவர் என்ன சொல்லிக் கொடுத்தாரோ அதன்படி நடந்திருக்க வேண்டும் என்றார். கந்தப்புவிடமே எழுதி வாங்கிவிட்டால் கம்பெனி வாயை மூடிக்கொள்ளும் என்றும் சொன்னார். திருச்செல்வத்தின் காதில் ஏறியது அந்தக் கடைசி யோசனை மட்டும்தான்.

இந்த இடத்தில் உபயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். கோயில் மணியிலிருந்து மின்விசிறி இறக்கைவரை உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். ட்யூப்லைட்டில் எழுதுகிற எழுத்தில் வெளிச்சமே வெளியே வராது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் பானகத்தைவிடப் பதாகை பெரிதாக இருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொடுக்கும் எவர்சில்வர் டம்ளரில்கூடச் செத்தவர் பெயர் இருக்கும். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. பெயர் இல்லாமல் கொடுத்தால்தான், இது எங்கே திருடியது என்று சந்தேகப்படுவார்கள்.

திருச்செல்வத்தின் அப்பா சின்னையா லோரி ஓட்டியவர். தெருவில் போகிறவனையெல்லாம் ஏற்றி இறக்கியே காலத்தைக் கழித்தார். ஊரில் இருக்கும் எந்த ட்யூப்லைட்டிலும் அவர் பெயர் இல்லை. பெயர் எழுதுகிற அளவுக்கு அவர் கையில் ஒருநாளும் எதுவும் தங்கியதில்லை. அவர் போய் வருஷ திதி வந்தபோது, அந்த நாளில் இன்னும் நாலு பேருக்குப் பூவையைக் கொடுப்பது என்று மகன் முடிவு செய்தான். கொடுக்கும்போது அப்பா பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

பூவையைத் தொடங்கினால் முதலில் அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னவோ பேசுவாள். நிறுத்தவும் முடியாது, தாண்டவும் முடியாது. அது பெரிய தொல்லை என்று எல்லாருமே சொன்னார்கள். அதிகம் முணுமுணுத்தது பக்கிரிசாமிதான். பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சிரிக்க வேறு செய்கிறாள், காலங்காத்தாலே பல்கூட விளக்காமல் யாரோ ஒரு பொண்ணு சிரிப்பைக் கேட்கணுமா என்பான். திருச்செல்வம் அதை வெட்டி எறிந்தான். அந்த இடத்துக்கு ஒரு வரியைத் தட்டச்சு செய்து, பூவையையே வாசிக்க வைத்துப் பதித்தான். அதிலிருந்து பூவையைத் தொடங்கினால் அந்தப் பெண்ணின் குரல் சொல்வது இவ்வளவுதான்: "உபயம். அமரர் சின்னையா குடும்பத்தார், பிரிக்பீல்ட்ஸ்."

முதல்முறை அதைக் கேட்டபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரதி வைத்திருந்த எல்லாரையும் கூப்பிட்டுப் பழையதை அழித்துப் புதியதைப் போட்டுக் கொடுத்தான். சுருக்கமாக இருக்கிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். தன்னிடம் இருந்த மூலப் பிரதியையும் அழித்து இதையே பதித்தான். வெட்டியது என்ன பேச்சு என்று அவன் ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

நோட்டீஸ் வந்த மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவன் பெயர் சுகுமாறன், சட்டப் பகுதியில் இருப்பவன். குரலில் தேன் சொட்டியது. அங்கிள் அங்கிள் என்று ஆயிரம் தடவை கூப்பிட்டான். நோட்டீஸைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இதெல்லாம் ஒரு ஒழுங்குக்காக அனுப்புவது, நானும் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் படித்துப் போனவன்தான் என்றான். உங்கள் அப்பா காலமாகிவிட்டாராமே என்று துக்கம்கூட விசாரித்தான். அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று திருச்செல்வம் யோசிக்கவில்லை. துக்கம் கேட்டவனைச் சந்தேகப்பட நமக்கு வராது.

"ஒண்ணே ஒண்ணு அங்கிள். நீங்க குடுக்குற பூவைய ஆன் பண்ணா மொதல்ல என்ன சொல்லும்?"

"எங்கப்பா பேரச் சொல்லும் தம்பி. உபயம்னு சொல்லி எங்கப்பா பேரு வரும்."

"அதுக்கு முன்னாடி ஏதோ பேச்சு இருந்துச்சே?"

"அது சும்மா வளவளன்னு இருந்துச்சு. நானே வெட்டிட்டேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகையில் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓகே அங்கிள், ரொம்ப தேங்க்ஸ், நல்லதாப் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டான். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. திருச்செல்வம் என்னடாவென்றால், பையன் நல்ல பையன், பேசினால் வழிக்கு வந்துவிடுவான் என்று பக்கிரிசாமியிடம் போய்ச் சொன்னான். எது நல்லதாகப் போச்சு என்று பக்கிரிசாமி கேட்டான்.

கந்தப்புவின் போன் எண் மசாஜுக்கு வரும் ஒரு கிள்ளான்காரரிடம் கிடைத்தது. கூப்பிட்டதும் பெரியவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பூவையை இன்னமும் சும்மா கொடுக்கிற மகராசன் நீங்கள்தானா, உங்களைத்தான் நானே தேடிக்கொண்டிருந்தேன் என்றார். எழுதித் தருவதில் அவருக்கு ஒரு தடையும் இல்லை. நாளைக்கே வரச் சொன்னார். "பூவையைக் கொண்டு வாங்கோ" என்றார். வழி சொல்லிவிட்டு மறுபடி அதையே சொன்னார். போனை வைக்கிற நேரத்தில், "மறந்திடாதேங்கோ தம்பி, மூண்டாவதைத்தான்" என்று இன்னொரு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினார்கள். பக்கிரிசாமியும் கூட வந்தான். பூவை இல்லாவிட்டால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்று பெரியவரிடம் நேரில் சொல்லப் போவதாகச் சொன்னான். கிள்ளானில் வாழையிலைச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது சொல்லாத காரணம். திருச்செல்வம் மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர் கையெழுத்திட வேண்டிய தாளை மடங்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுபாங் தாண்டியதும் வானம் கறுத்துவிட்டது. குளிரூட்டி போட்ட பெட்டியில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஷா ஆலம் நிலையத்தில் கதவு திறந்து மூடியபோது, காரணமில்லாமல் அவன் பையை இறுக்கிக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கலா இருக்கு?" என்று கேட்டான் பக்கிரிசாமி.

"எந்தப் பொண்ணு?"

"பூவையில பேசுதே, அந்தப் பொண்ணு."

தெரியாது என்றான் திருச்செல்வம். எதற்குக் கேட்கிறாய் என்றான். சும்மாதான் என்றான் பக்கிரிசாமி. அவன் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. நீ அதை வெட்டினதுக்கு அப்புறம் இரண்டு நாள் அந்தச் சிரிப்பைத் தேடினேன், என்னவோ விடியாத மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல் சொன்னான். முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று திருச்செல்வத்துக்கு எரிச்சல் வந்தது.

கந்தப்புவின் வீடு மேரு சாலைப் பக்கம் ஒரு வரிசை வீடு. வாசல் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. வெள்ளம் வந்தபோது விட்டுப்போன கோடு அது, பெயின்ட் அடித்தும் மறையவில்லை. பெரியவர் மெலிந்துபோயிருந்தார். மூக்கடியில் பிராணவாயுக் குழாய். அதோடேயே எழுந்து கதவுவரை வந்தார். "வாங்கோ, வாங்கோ" என்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி புனிதவதி எட்டிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.

மேசையில் ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது. கம்பெனியின் பெயர் போட்ட தாள். திருச்செல்வம் அதைப் பார்த்ததைப் பெரியவர் பார்த்துவிட்டார்.

நேற்றுச் சாயந்திரம் சுகுமாறன் வந்து போனானாம். பழம் வாங்கிக்கொண்டு வந்தானாம். பூவையின் தொடக்கத்தில் பேசுகிற பேச்சுதான் அதைக் கொடுப்பதற்கான அனுமதி, அந்தப் பேச்சை வெட்டாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை என்று பெரியவர் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். பிரிக்பீல்ட்ஸ்காரர் அதை வெட்டிவிட்டார், ஆகவே அவருக்கு அனுமதி இல்லை என்று வழக்கு நிற்குமாம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறார், அதிலும் தேங்காயில் தன் பெயரை எழுதி உடைத்திருக்கிறார் என்று சிரித்தானாம்.

"நான் நம்பேல்லை தம்பி" என்றார் கந்தப்பு. "காசு வாங்காமல் குடுக்கிற மனுசன் அதை ஏன் வெட்டப் போறார் எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிப்போட்டன்."

 திருச்செல்வத்தின் பக்கத்தில் பக்கிரிசாமி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கை மட்டும் தடியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தது. அது என்ன பேச்சு ஐயா என்று ஒன்றும் தெரியாதவன்போலத் திருச்செல்வம் கேட்டான்.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். பூவையின் குரல் அவர் மகள் லோஜினியின் குரல். ஒரே பிள்ளை. அவள் ஒவ்வோர் எழுத்தாக, அசையாக, மாதக்கணக்கில் பேசிப் பேசிப் பதிந்து கொடுத்ததை வைத்துத்தான் அவர் பூவையைச் செய்தார். அதனால் பூவை எதை வாசித்தாலும் அது அவள் குரல், ஆனால் அவள் பேசியதில்லை. அவள் தானாக வாய் திறந்து பேசியது தொடக்கத்தில் வரும் அந்தப் பேச்சு ஒன்றுதான். எழுத்தில் போட்டால் கண் தெரியாதவர்கள் எப்படிப் படிப்பார்கள், அனுமதியைப் பேசியே கொடுப்போம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். மூன்றாம் பதிப்பு வெளிவந்த வருஷமே டிங்கி காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் சொன்னது அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு, அவளைப்போலவே சொல்லிக் காட்டினார். "இது பூவை. பேசுறது லோஜினி, கிள்ளான்லேருந்து. யாருக்கு வேணும்னாலும் சும்மா குடுங்க. காசு வாங்காதீங்க. இந்தப் பேச்ச மட்டும் வெட்டாதீங்க. வெட்டிட்டுக் குடுத்தா அனுமதி கிடையாது, சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுப் பெரியவர் நிறுத்தினார். "பிறகு சிரிப்பாள்" என்றார்.

அப்போதுதான் திருச்செல்வத்துக்கு அது காதில் விழுந்தது. எத்தனை காலை அந்தப் பேச்சு அவன் கடையில் ஒலித்திருக்கிறது! ஒவ்வொரு சொல்லும் அப்படியே ஞாபகம் வந்தது. கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான், காதில்தான் வாங்கவில்லை. அனுமதி கிடையாது என்று அவனிடமே சொல்லிச் சிரித்த பெண்ணின் வாயை அவன் கையாலேயே மூடியிருக்கிறான். மூடிய பிறகு அதே வாயைத் திறந்து தன் அப்பா பெயரைச் சொல்ல வைத்திருக்கிறான். மனசு பதறியது அவனுக்கு. ஏதாவது ஒரு வழி இருக்கும், ஏதாவது ஒரு பழைய பிரதி எங்காவது இருக்கும் என்று தேடியது. எதுவும் இல்லை. இருந்ததையெல்லாம் அவன்தான் ஆள் ஆளாகக் கூப்பிட்டு அழித்தான்.

"எங்கடை கம்ப்யூட்டர் எல்லாம் வெள்ளத்திலை போட்டுது. அவளின்ரை வீடியோ, படம், ஒண்டும் மிஞ்சேல்லை" என்றார் கந்தப்பு. "அந்தப் பேச்சு இப்ப கம்பெனிக்காரனிட்டை மட்டும்தான் கிடக்கு. வித்த நேரம் எல்லாத்தையும் ஒரு பெட்டியிலை போட்டுக் குடுத்திட்டன், புத்தியில்லாமல். எத்தினையோ தரம் கேட்டன். தாறன் தாறன் எண்டவன், தரேல்லை. நேற்றுப் பின்னேரம் வந்து, இந்தத் தாளிலை கையெழுத்து வையுங்கோ, கையோடை தாறன் எண்டான். எனக்கு உன்ரை தயவு ஏன், பிரிக்பீல்ட்ஸ் தம்பி கொண்டு வருவார் எண்டு சொல்லிப்போட்டன். போட்டுக் காட்டுங்கோ தம்பி. போன வருசத்துக்கு முதல் வருசம் கேட்டது."

திருச்செல்வம் பையைத் திறக்கவில்லை. பேட்டரி இறங்கிப்போச்சு ஐயா என்றான். ஒரு பொய் சொல்லக்கூட அவனுக்கு ஒழுங்காக வராது. சொல்லும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்கென்ன என்றார் பெரியவர். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். புனிதவதி தேநீரோடு வந்தவர், தேநீரை வைத்துவிட்டு அறைக்குள் போய், வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய கணினியில் மாட்டியிருந்த நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைக் கழற்றி எடுத்துவந்து, குனிந்து சுவரில் தானே செருகினார். மறுமுனையைத் திருச்செல்வத்தின் காலடிவரை இழுத்துவந்து வைத்தார். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். தேநீரை யாரும் எடுக்கவில்லை.

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்று பக்கிரிசாமி வாயெடுத்தான். வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்ல வந்தான். "பிறகு கேக்கிறன் தம்பி, முதல் அவள் பேசட்டும்" என்று பெரியவர் கையமர்த்திவிட்டார். அதற்கும் நிற்காமல் பக்கிரிசாமி மேலும் ஏதோ சொல்லப்போக, திருச்செல்வம் அவன் முழங்கையைத் தொட்டான்.

மடிக்கணினியைத் திறந்தான். வேறு என்ன செய்வான்? பூவை தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அவனுக்குத் தெரியும். அந்த நேரத்துக்குள் கரன்ட் போகாதா, இடி விழாதா என்று ஒரு மனசு வேண்டியது. வெளியே மழை பிடித்துக்கொண்டதே தவிர, இடி எதுவும் விழவில்லை. புனிதவதி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, உதடு கொஞ்சம் திறந்து, மகள் பேசப்போவதைக் கூடவே சொல்லத் தயாராக நின்றார்.

"உபயம்" என்றாள் லோஜினி. "அமரர் சின்னையா குடும்பத்தார், பிரிக்பீல்ட்ஸ்."

சிரிப்பு வரவில்லை. சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள் இருவரும். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆர் சின்னையா?" என்று கேட்டார் புனிதவதி.

என் அப்பா என்று சொன்னான் திருச்செல்வம். அதைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அவள் பேசியது எங்கே என்று கேட்டார். வெட்டிவிட்டேன் அம்மா என்றான். வெட்டியதைத் தரச் சொன்னார், ஏதோ துணியில் வெட்டிய துண்டைக் கேட்பதுபோல. இல்லை அம்மா, அழித்துவிட்டேன் என்றான். அந்த அம்மாவுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அழகாகப் பேசியிருந்தாளே, யாருக்கும் ஒரு கெடுதலும் சொல்லவில்லையே என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருக்கலாம், ஒரு அறைகூட விட்டிருக்கலாம். அதையெல்லாம் செய்யாமல் போனதுதான் திருச்செல்வத்தால் தாங்க முடியாமல் இருந்தது.

கந்தப்பு மேசையைப் பார்த்தார். திருச்செல்வம் கொண்டுவந்த தாள் ஒரு பக்கம், கம்பெனியின் தாள் ஒரு பக்கம். குழாய் வழியாக அவர் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. பக்கிரிசாமி எழுந்து, ஐயா வெட்டச் சொன்னவன் நான்தான், சிரிப்பு தொல்லையா இருக்குன்னு சொன்ன பாவி நான்தான் என்று இப்போது சொல்லிவிட்டான். பெரியவர் அவனை உட்காரச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"உங்களிலை பகை இல்லைத் தம்பி" என்றார் திருச்செல்வத்திடம். "அப்பாவின்ரை பேர் நிலைக்கோணும் எண்டு செய்திருக்கிறீங்கள். எனக்கு விளங்குது. ஆனா எனக்கு என்ரை பிள்ளையின்ரை பேர் வேணும். அதை வைச்சிருக்கிறவன் அவன்தானே."

போனை எடுத்து சுகுமாறனைக் கூப்பிட்டார். வரச் சொன்னார். அவன் பக்கத்தில் எங்கேயோதான் இருந்தான் போலும், அரை மணியில் வந்துவிடுவதாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பெரியவர் சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை. மேசையில் திருச்செல்வம் தன் தாளுக்காகக் கொண்டுவந்த பேனா இருந்தது. அதை அவனே எடுத்து நீட்டினான். பெரியவர் வாங்கிக் கம்பெனியின் தாளில் கையெழுத்திட்டார். திருச்செல்வம் கொண்டுவந்த தாள் ஜன்னல் காற்றில் கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

இனி பக்கம் மூடப்படும். பிரிக்பீல்ட்ஸிலும் செராஸிலும் அம்பாங்கிலும் வீடு வீடாகப் போய்ப் பூவையை அவனே அழிக்க வேண்டும். பக்கிரிசாமியின் கணினியிலும்தான். சின்னையா என்ற பெயர் முதல்முறையாக ஓரிடத்தில் எழுதப்படும், திருட்டு வழக்கின் தாளில். இதெல்லாம் அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பையை மூடிக்கொண்டு எழுந்தான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது புனிதவதி பின்னால் வந்தார். அந்தப் பூவையை இங்கே விட்டுப்போக முடியுமா என்று கேட்டார். இது வெட்டு விழுந்தது, அவங்க பேசினது இதில் இல்லை அம்மா என்றான் அவன். அது தெரியும் என்றார் அந்த அம்மா. "உவன் வந்து தருவானோ தரமாட்டானோ, ஆர் கண்டது. குரல் அவளின்ரைதானே."

அவன் பையில் எப்போதும் ஒரு பெண்டிரைவ் இருக்கும், யாராவது கேட்டால் கொடுப்பதற்காக. அதை இங்கே விட்டுப்போனால், வந்துகொண்டிருக்கிறவன் கையில் தன் குற்றத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. அதுவும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. பெண்டிரைவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். அதுதான் அவன் கொடுத்த கடைசிப் பிரதி. அதையும் சும்மாதான் கொடுத்தான்.

மழை விடவில்லை. சாலை ஓரத்தில் ஒரு கூரையின் கீழ் நின்றார்கள், பக்கிரிசாமி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒரு வெள்ளைக் கார் சேற்றைத் தெளித்துக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் திரும்பியது. பக்கிரிசாமி சட்டென்று தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டான். திருச்செல்வத்துக்கும் கேட்டது. திறந்த ஜன்னல் வழியாக, மழையையும் மீறி, அந்தப் பெண் அவன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் சொன்னாள். யாரோ உள்ளே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.